ஐம்பது காசு கார்டும் நம் ஊர்த் தறியும்

இன்று கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

நம் தென்னேரியிலும் சுற்றுவட்டாரத்திலும் தறி வைத்திருக்கும் என் பழைய மாணவர்கள் சிலர், "சார், புடவையை நாங்க நெய்யறோம், வாங்கறவங்களுக்குக் கடை பேருதான் தெரியுது" என்கிறார்கள். உண்மைதான். நேரில் வந்து வாங்கிப் போனவர்கூட அடுத்த கல்யாணத்துக்கு நெய்தவரை மறந்து பெரிய கடைக்குப் போய்விடுகிறார். அவரை மறக்கவிடாமல் செய்ய என்ன வழி? என் பதில் தபால் கார்டு. சிரிக்காதீர்கள்.

கார்டு நம் நாட்டுக்கு 1879இல் வந்தது. அன்று விலை கால் அணா. இன்றும் 50 காசுதான். ஆனால் இதில் ஒரு விதி உண்டு. கையால் எழுதினால் 50 காசு, செய்தியை அச்சடித்து அனுப்பினால் 6 ரூபாய். நூறு பேருக்கு எழுதினால் 50 ரூபாய், அச்சடித்தால் 600 ரூபாய், அச்சுக்கூலி தனி. பெரிய கடைக்காரரால் லட்சம் பேருக்குக் கையால் எழுத முடியாது. நாற்பது வாடிக்கையாளர் உள்ள நெசவாளரால் முடியும். சிறியவருக்குச் சாதகமான விதி இது ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

2002இல் மேகதூது கார்டு வந்தது நினைவிருக்கிறதா? முகவரிப் பக்கத்தில் விளம்பரம் இருக்கும், அதனால் விலை 25 காசு. அதில் என்ன விளம்பரம் இருந்தது என்று உங்களில் எத்தனை பேருக்கு ஞாபகம்? திருப்பி, மாமாவோ அத்தையோ எழுதியதைத்தான் படித்தோம். நம் பெயர் சொல்லி எழுதியதை யாரும் படிக்காமல் போடுவதில்லை. "இதை 21 பேருக்கு எழுதாவிட்டால் கெடுதல்" என்று வந்த கார்டுகளைக் கிழித்தும் போட்டோம். இன்றைய ஃபார்வர்டுக்கு அதுதான் பாட்டி.

"வாட்ஸ்அப்பில் போட்டால் காசே இல்லையே சார்" என்பீர்கள். புடவையின் நிறத்தைக் காட்ட அதுதான் சரி, கார்டால் அது முடியாது. ஆனால் தினம் இருநூறு செய்தி வரும் போனில் உங்கள் படம் பத்து நிமிடம்கூட நிற்காது. கார்டு வந்தால் வீட்டில் நாலு பேர் எடுத்துப் பார்ப்பார்கள். அதில் உங்கள் போன் எண்ணை எழுதுங்கள், மீதியை வாட்ஸ்அப் பார்த்துக்கொள்ளும்.

என்ன எழுதுவது? "புடவை வாங்குங்கள்" என்று ஆரம்பிக்காதீர்கள். "தை மாதம் உங்கள் மகள் முகூர்த்தத்துக்கு எடுத்த அரக்குப் புடவையை மடிப்பு மாற்றி வையுங்கள். ஒரே மடிப்பில் கிடந்தால் ஜரிகை முறியும். பருத்தித் துணியில் சுற்றி வைப்பது நல்லது" என்று எழுதுங்கள். கடைசி வரியில், "புதுப் பாவு ஏற்றியிருக்கிறோம், கோர்வைப் புடவை, வந்தால் தறியிலேயே பார்க்கலாம்" என்று முடியுங்கள். வாங்கியவருக்கு மட்டும் எழுதுங்கள், வருடத்துக்கு இரண்டு போதும். பாக்கிக் கணக்கை மட்டும் எழுதவே கூடாது. கார்டைத் தெருவே படிக்கும்.

இதனால் தறிக்காரர் கஷ்டம் எல்லாம் தீர்ந்துவிடும் என்று சொல்லவில்லை. விசைத்தறிப் புடவையைக் கைத்தறி என்று விற்பதைக் கார்டு தடுக்காது. ஆனால் நெய்தவரின் பெயரும் கையெழுத்தும் வாங்கியவர் வீட்டில் இருந்தால், அடுத்த முறை அவர் நேரே வர ஒரு வழி இருக்கும். நடுவில் போகும் பணம் தறிக்கு வரும்.

தறி வைத்திருக்கும் பிள்ளைகளே, இந்த ஆடியிலேயே முகவரி நோட்டு ஒன்று போடுங்கள். பின்கோடு மறக்காமல் வாங்குங்கள். உங்கள் கையெழுத்தின் லட்சணம் எனக்குத் தெரியும், நிதானமாக எழுதுங்கள். சென்னையிலும் வெளிநாட்டிலும் இருக்கும் மற்றவர்களே, அடுத்த முறை தறி வீட்டில் புடவை எடுத்தால் உங்கள் முகவரியை நீங்களே கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.