நெல்லுக்குப் பார்க்கும் குறி

நம் நாட்டில் குறி சொல்லுகின்றவர்களுக்கு என்றும் பஞ்சம் இருந்ததில்லை. ஸ்ரீரங்கத்துக் கோவிலுக்குப் போகும் பாதையிலாகட்டும், திருச்சி மலைக்கோட்டை அடிவாரத்திலாகட்டும், கிளியையும் சீட்டையும் வைத்துக்கொண்டு பெண்ணின் கல்யாணத்தையும் பிள்ளையின் உத்தியோகத்தையும் சொல்லிவிடுகின்றார்கள். பலிக்காவிட்டால் பழி நம் கிரகத்தின்மேல் விழுமேயல்லாமல் குறியின்மேல் விழாது. நாம் சொல்ல வந்ததோ வேறொரு குறி. பொய்யானால் பொய்யென்று பரீட்சையிலேயே அகப்பட்டுக்கொள்ளும் குறி. அது நெல்லுக்குப் பார்க்கப்படுவது.

நாம் உண்ணும் தீட்டிய அரிசியில் புரதம் நூற்றுக்கு 6 முதல் 8 பங்குதான். கட்டாக் தேசிய நெல் ஆராய்ச்சி நிலையத்தார், அசாம் நெல் சேகரிப்பிலிருந்த ஏ.ஆர்.சி. 10075 என்ற, சந்தையில் பேர்கூட அடிபடாத ரகமொன்றை எடுத்து, நவீன் என்ற நல்ல விளைச்சல் ரகத்தோடு ஒட்டி, அதன் வாரிசுகளைத் திரும்பத் திரும்ப நவீனோடே சேர்த்து, சி.ஆர். தான் 310 என்ற நெல்லை 2016-ல் வெளியிட்டார்கள். தீட்டிய பிறகும் அதில் புரதம் நூற்றுக்குப் பத்துக்குச் சற்று மேல்.

இதிலுள்ள கஷ்டம் என்னவென்றால், புரதம் கண்ணுக்குத் தெரிவதில்லை. அறுத்து, குத்தி, இரசாயனப் பரீட்சை செய்த பின்தான் தெரியும். அதுவும் தழைச்சத்து உரம் கூடினால் கூடும், மண் மாறினால் மாறும். ஆகவே ஒரு போகத்தில் கண்டதை நம்பிவிட முடியாது. இங்குதான் மரபணுக் குறி உதவுகின்றது. நெல்லின் 12 ஜோடி இழைகளில் எந்த இடம் புரதத்தோடு சேர்ந்து வருகின்றது என்று அந்த ஏ.ஆர்.சி. வாரிசுகளிலேயே ஆராய்ந்து சில இடங்களைக் கண்டிருக்கின்றார்கள். அவ்விடத்து அடையாளம் நிச்சயப்பட்டுவிட்டால், நாற்றிலேயே ஓர் இலையைக் கிள்ளிப் பார்த்து, வேண்டாததை அப்போதே கழித்துவிடலாம்.

"இது இயற்கைக்கு விரோதம், மரபணு மாற்றிய விஷம்" என்று சிலர் கூச்சலிடுகின்றார்கள். வேற்று உயிரின் மரபணு எதையும் இதில் புகுத்துவதில்லை. நெல்லும் நெல்லும் சேருகின்றன. குறி வெறும் அடையாளச் சீட்டு. அவ்வளவே.

நிற்க, நமது சண்டை விஞ்ஞானத்தோடு அல்ல, தராசோடு. ஸ்ரீரங்கத்துக் கோவிலில் இன்றும் நிற்கும் அந்தப் பெரிய பழைய களஞ்சியங்களில் நெல்லை அளந்து கொட்டிய காலத்தில் எத்தனை கலம் என்பதே கணக்கு. இன்று கொள்முதல் நிலையத்தில் என்ன வாழ்கின்றது? 2025-26-க்கு மத்திய அரசு வைத்த விலை குவிண்டால் சாதாரண ரகத்துக்கு 2,369 ரூபாய். 'ஏ' ரகத்துக்கு 2,389. இந்த 20 ரூபாய் உயர்வு எதற்கு? மணியின் நீளம், அகலம் பார்த்து, சன்னமாயிருப்பதற்கு! உள்ளே உள்ள சத்துக்குக் காலணாக்கூட இல்லை. மனிதனைத் தோலின் நிறத்தைப் பார்த்து மதிக்கின்ற புத்தி நெல்லிடம் மட்டும் மாறிவிடுமா? வெள்ளையாய், சன்னமாய் இருந்தால் அது உயர்ந்த ஜாதி! இப்படி இருக்கையில், புரத நெல்லை எந்தக் குடியானவன் எதற்காகப் பயிரிடுவான் என்று கேட்கின்றோம்.

இது அற்ப விஷயமல்ல. நாளுக்கு 400 கிராம் அரிசி உண்ணும் கூலியாளுக்கு 7 பங்குப் புரத அரிசியில் 28 கிராம் கிடைக்கும். 10 பங்கில் 40. மிச்சம் 12 கிராம் ஏறக்குறைய இரண்டு முட்டைக்குச் சமானம். பணக்காரனுக்கு இது பொருட்டல்ல, அவன் இலையில் அரிசி கொஞ்சம்; ஏழைக்கோ அரிசிதான் சாப்பாடு.

திருச்சியை அடுத்த நாவலூர் குட்டப்பட்டு வேளாண்மைக் கல்லூரி, களர் நிலத்துக்கென்று திருச்சி 1, திருச்சி 3 முதலிய நெல் ரகங்களைத் தந்த இடம். உப்புக்கு ஈடுகொடுக்கும் நெல்லை ஆக்கத் தெரிந்தவர்கள், நம் ஜனங்கள் விரும்பும் ரகத்தில் புரதத்தை ஏற்ற மாட்டார்களா? சர்க்கார் பணமும் உத்தரவும் தரட்டும். 1982 ஜூலை முதல் தேதி இதே திருச்சிக்கு அருகே பாப்பாக்குறிச்சியில்தான் சத்துணவுத் திட்டம் தொடங்கிற்று. அந்தச் சத்துணவுக்கு வாங்கும் அரிசிக்காவது, புரதத்தை அளந்து அதற்கேற்ப விலை கூட்டித் தரட்டும்.

ஆனால் ஒரு ஜாக்கிரதை. "அரிசியிலேயே புரதம் வந்துவிட்டதே, பிள்ளைகளுக்கு முட்டை எதற்கு?" என்று ஒரு சைவக் கூட்டம் கிளம்பக்கூடும். அரிசிப் புரதத்தில் லைசின் என்ற சத்து குறைவு. பருப்பிலும் முட்டையிலும் அது தாராளம். முட்டையில் ஒன்றுகூடக் குறையாமலேயே அரிசியை மாற்ற வேண்டும் என்பதுதான் நமது கோரிக்கை.