ஏசிக்கு மாரியில் என்ன வேலை?

பங்குனி பிறந்து வெக்கை ஏறத் தொடங்கினால் யாழ்ப்பாணத்தில் ஏசி திருத்துகிற பெடியளின் ஃபோன் ஓயாது. "தம்பி, போன வருஷம் நல்லாத்தான் குளிரடிச்சது, இப்ப வெறும் காத்துத்தான் வருது, காஸ் முடிஞ்சுபோச்சு போல, ஒருக்கா வந்து அடிச்சுவிடுங்கோ." மூன்றாம் நாள் தம்பி வருவார், காஸ் அடிப்பார், காசை வாங்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்கு ஓடுவார். அடுத்த பங்குனியிலும் இதே கதைதான். இதில் இரண்டு பிழை இருக்கிறது. காஸ் முடிகிற சாமான் இல்லை. பங்குனி அதைப் பார்க்கிற மாதமும் இல்லை.

சமையல் காஸ் எரிந்து முடியும். ஏசிக்குள் இருக்கிற காஸ் எரிவதில்லை. மூடிய செப்புக் குழாய்க்குள் உள்பெட்டிக்கும் வெளிப்பெட்டிக்கும் இடையில் சுற்றிக்கொண்டே இருக்கும்; அறைக்குள் வெப்பத்தை வாங்கும், வெளியில் கொண்டுபோய் விடும். பத்து வருஷம் ஓடினாலும் போட்ட அளவு அப்படியே இருக்கவேண்டும். குறைந்திருந்தால் எங்கேயோ ஒழுக்கு இருக்கிறது, பெரும்பாலும் குழாய் பூட்டுகிற நட்டடியில். சவர்க்கார நுரை பூசிப் பார்த்தாலே பல ஒழுக்குகள் குமிழி விட்டுக் காட்டிக்கொடுக்கும். அதை அடைக்காமல் மேலால் நிரப்பினால் அடுத்த வெயிலுக்கும் கூப்பிடத்தான் வேண்டும்.

குளிர் குறைந்தால் காஸ்தான் குறைந்தது என்றும் இல்லை. ஃபில்டரில் தூசு அடைத்தால் காற்று போதாமல் உள்ளே ஐஸ் பிடிக்கும், குளிர் வராது. காஸ் குறைந்தாலும் இதே ஐஸ்தான். ரெண்டுக்கும் வித்தியாசம் பார்க்காமல் அடித்த காஸ் அளவுக்கு மிஞ்சினால் கொம்பிரசருக்குத்தான் கேடு.

இந்தக் காஸ் எங்கே போகிறது என்று நாங்கள் கேட்பதே இல்லை. பழைய பெட்டிகளில் இருக்கிற ஆர்-22 ஓசோன் படலத்தைக் கெடுக்கிறது. 1987இல் வந்த மொன்றியல் உடன்படிக்கையின் கீழ் உலகம் அதைக் கைவிட்டுக்கொண்டு வருகிறது. அதன் இடத்துக்கு வந்த ஆர்-410ஏ ஓசோனைத் தொடாது, ஆனால் ஒரு கிலோ வெளியேறினால் ஏறக்குறைய 2 தொன் காபனீரொட்சைட்டின் சூடு. இப்போது கடைகளில் இருக்கிற ஆர்-32 அதில் மூன்றில் ஒரு பங்குதான். ஆனால் அது தீப்பற்றக் கூடியது, மூடிய அறைக்குள் கண்டபடி திறந்துவிடுகிற காஸ் இல்லை. வெக்கை கூடுகிறது என்று ஏசி வாங்குகிறோம், அதே ஏசியால் வெக்கையைக் கூட்டுகிறோம். பிளாட் அடித்த கொங்கிரீட் வீட்டுக்குள் சித்திரை மத்தியானம் வயதான ஒருவரை வைத்துப் பராமரிக்கிறவர்களிடம் போய் ஏசி வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. வைத்திருக்கிறதை ஒழுகாமல் வைத்திருக்கலாமே என்பதுதான் என் வாதம்.

இதில் பெடியளை மட்டும் குற்றம் சொல்லுவது நியாயமில்லை. ஏமாற்றுகிறவர் ஒன்றிரண்டு பேர் இருக்கலாம். ஆனால் ஒழுக்குத் தேடுவதற்கு நேரம் வேண்டும், சிலவேளை அரை நாள் போகும். அந்த அரை நாளுக்குக் கூலி கேட்டால், "சும்மா பாத்ததுக்கு ஏன் காசு?" என்பது எங்கட ஆட்களின் பதில். காஸ் அடித்தேன் என்றால் பேசாமல் எடுத்துக் கொடுப்போம். சாமானுக்குக் காசு, கைவேலைக்குக் காசில்லை. என்விகியூ சான்றிதழ் எடுத்து, ஒழுக்குப் பார்க்கவும் வெக்யூம் பண்ணவும் முறையாகப் படித்துவிட்டு வருகிற பெடியனையும் இப்படித்தான் காஸ் அடிக்கிற ஆளாக மாற்றிவிடுகிறோம். பங்குனியில் அவனுக்கு ஒரு நாளைக்கு எத்தனை வீடு. நுரை பூசிக் குமிழி பார்த்துக்கொண்டு நிற்க நேரம் ஏது?

மழை தொடங்கினால் அதே பெடியனுக்கு வேலை இல்லை. அவனை ஐப்பசி முதல் கிழமைகளில், மழை இறங்க முன்னம் கூப்பிடுங்கள். ஒழுக்கைத் தேட அவனுக்கு நேரம் இருக்கும், உங்களுக்கும் வெக்கையில் கிடந்து தவிக்கிற அவசரம் இருக்காது.

இன்னொரு காரணமும் இருக்கிறது. எங்கட பக்கத்து ஏசி கெடுவது அதிகமும் அது ஓடாமல் கிடக்கிற மாதங்களில். கடற்கரைப் பக்கம் என்றால் வெளிப்பெட்டியின் அலுமினியத் தகடுகளில் ஆறு மாத உப்பு படிந்திருக்கும். அதோடு மாரி ஈரமும் சேர்ந்தால் தகடு மாவாக உதிரும், ஆணியும் தாங்கியும் கறள் பிடிக்கும். நிறுத்த முன்னம் மெல்லிய ஹோஸ் தண்ணீரால் நன்றாகக் கழுவிவிட்டால் பாதி பிரச்சினை தீர்ந்தது. பிரஷர் பம்பால் அடித்தால் தகடு மடங்கிப்போகும், அது வேண்டாம். உள்பெட்டியை ஃபேன் மட்டும் போட்டு ஒரு மணித்தியாலமாவது ஓடவிட்டுக் காயவைத்து நிறுத்துங்கள். ஈரத்தோடு மூடினால் மூன்று மாதத்தில் பூஞ்சணம். தை முடிந்து திரும்பப் போடும்போது வருகிற அந்தப் புளித்த வாடை அதுதான், இழுப்பு இருக்கிற பிள்ளைக்கு அது கூடாது.

பிறகு பிறேக்கரைக் கீழே இறக்கிவிடுங்கள், ரிமோட்டில் நிறுத்தியது காணாது. ஐப்பசி, கார்த்திகை இடி மின்னலுக்குப் பேர்போன மாதங்கள். ஒரு மின்னலுக்கு உள்ளே இருக்கிற போர்ட் போனால் அதன் விலையைக் கேட்டுத் தலை சுற்றும். கரண்ட் விலையை 2022 ஆகஸ்டில் சராசரியாக 75 வீதமும் 2023 பெப்ரவரியில் இன்னொரு 66 வீதமும் கூட்டினார்கள், பிறகு குறைத்தார்கள். அழுக்குப் பிடித்த ஏசி அதே குளிருக்குக் கூட நேரம் ஓடும் என்பது மட்டும் எந்த விலையிலும் மாறாது.

தறப்பாள் விஷயத்தையும் சொல்ல வேண்டும். கனடாவில் இருக்கிற சொந்தங்கள் குளிர்காலத்துக்கு வெளிப்பெட்டியை மூடுவதைப் பார்த்து இங்கேயும் பொலித்தீனால் சுற்றிக் கட்டுகிற வழக்கம் வந்திருக்கிறது. அங்கே பயம் பனிக்கட்டியும் இலைகுழையும். அங்கேகூட முழுதாகச் சுற்றாமல் மேல்பக்கத்தை மட்டும் மூடச் சொல்லுகிறவர்கள் உண்டு. மழையில் நனையத்தான் அந்தப் பெட்டியைச் செய்திருக்கிறார்கள். சுற்றிக் கட்டினால் ஈரம் உள்ளேயே நின்று கறள் பிடிக்கும், மழைக்கு ஒதுங்க இடம் தேடுகிற எலிக்கு வீடும் கிடைக்கும், வயரைக் கடிக்க அதுக்கு ஒரு இரவு போதும். மூடவேண்டியது சுவரில் குழாய் போகிற ஓட்டையை. வெள்ளம் நிற்கிற வளவென்றால் பெட்டியை நிலத்தில் வைக்காமல் உயர்த்தி வையுங்கள். 2008இல் நிஷா புயல் வந்தபோது தண்ணீர் எவ்வளவுக்கு ஏறியது என்று வீட்டில் பெரியவர்களைக் கேட்டால் சொல்லுவார்கள்.

கூப்பிடும்போது, "காஸ் அடிக்க வாங்கோ" என்று கூப்பிடாமல், "ஒழுக்கு இருக்கோ எண்டு பாக்க வாங்கோ, பாக்கிறதுக்கு எவ்வளவு?" என்று முதலே கேட்டுவிடுங்கள். மேல்மாடிச் சுவரில் பெட்டி என்றால் பெல்ட் கொண்டுவரச் சொல்லுங்கள். தனியாளாக வந்திருந்தால் ஏணியைப் பிடிக்க நீங்களாவது கீழே நில்லுங்கள்.