பேனா யார் கையில்?



பிரதேச செயலகத்துக்கு ஒரு விண்ணப்பம், பாடசாலை அதிபருக்கு ஒரு கடிதம், வங்கியில் ஒரு படிவம், வெளிநாட்டில் இருக்கும் மகனுக்கு நாலு வரி. இதில் எது வந்தாலும் நம் வீடுகளில் முதலில் எழும் கேள்வி "என்ன எழுதுவது?" என்பதல்ல, "யாரைக் கொண்டு எழுதுவிப்பது?" என்பதுதான். உயர்தரம் படிக்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளை எழுதித் தரும். டவுனில் கொமியூனிகேஷன் கடைக்காரர் காசு வாங்கிக்கொண்டு அடித்துத் தருவார். இப்போது கைத்தொலைபேசிக்குள்ளேயே செயற்கை அறிவு வந்துவிட்டது. இரண்டு வார்த்தை சொன்னால் இரண்டு பக்கம் தருகிறது. நம் பெயரில் போகும் எழுத்தை இப்படிப் பிறரிடம் ஒப்படைக்கலாமா? இம்மாதம் இதைப் பற்றிக் கொஞ்சம் பேசுவோம்.

ஒப்படைப்பதில் இழுக்கு ஒன்றுமில்லை. நபி (ஸல்) அவர்கள் எழுதப் படிக்கக் கற்றவர்களல்லர். மன்னர்களுக்கு அவர்கள் அனுப்பிய கடிதங்களை எழுதியவர்கள் ஸஹாபாக்கள். முத்திரையில்லாத கடிதத்தை மன்னர்கள் வாசிக்க மாட்டார்கள் என்று சொல்லப்பட்டபோது, வெள்ளியில் ஒரு மோதிரம் செய்வித்து அதில் தம் திருநாமத்தைப் பொறிக்கச் செய்தார்கள். எழுதிய கை பிறருடையது. சொல்லும் முத்திரையும் அவர்களுடையவை.

அதே நபியவர்கள் இன்னொன்றும் செய்தார்கள். மதீனத்து யூதர்களோடு நடந்த கடிதப் போக்குவரத்து அவர்களுடைய எழுத்தில் இருந்தது. எதிர்த்தரப்பையே நம்பி வாசிக்கவும் எழுதவும் வேண்டிய நிலை. ஸைத் இப்னு தாபித் (ரலி) என்ற இளைஞரை அழைத்து அதைக் கற்றுக்கொள்ளச் சொன்னார்கள். அரை மாதத்தில் கற்றதாக அவரே கூறுவது திர்மிதியில் இருக்கிறது. "எங்களுக்கு இனி எங்கே வரப்போகிறது" என்று சொல்லும் சகோதரிகள் அந்தப் பதினைந்து நாளைக் கொஞ்சம் எண்ணிப் பார்க்கட்டும்.

குர்ஆனின் மிக நீண்ட வசனம் எதைப் பற்றியது தெரியுமா? கடனை எழுதி வைப்பதைப் பற்றியது (2:282). ஒருவர் நீதியோடு எழுத வேண்டும் என்கிறது. சரி, அவருக்கு வாசகத்தைச் சொல்ல வேண்டியவர் யார்? கடன் கொடுத்தவரல்ல, கடன்பட்டவர். அவருக்கு இயலாவிட்டால் அவருடைய பொறுப்பாளர். பணம் வைத்திருப்பவர் கையிலேயே பேனாவும் இருந்தால் என்ன நடக்கும் என்பது படைத்தவனுக்குத் தெரியாதா!

என்ன நடக்கும் என்பதற்கு நம் மலையகமே சாட்சி. தென்னிந்தியாவிலிருந்து கங்காணிமார் திரட்டி வந்த மக்களுக்கு வழிச்செலவு, அரிசி என்று கொடுத்ததெல்லாம் கடனாக ஏறியது. ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் துரை ஒரு "துண்டு" கொடுப்பார். இன்ன தொகையைக் கட்டினால் இன்னாரை விடுவிக்கிறோம் என்று அதில் எழுதியிருக்கும். புதிய தோட்டம் அதைக் கட்டும். கடன் ஆளோடு கூடவே மலை ஏறும். எழுதியது கடன்பட்டவரல்ல. எழுதியிருந்த தொகையை வாசிக்கவும் பெரும்பாலானோருக்குத் தெரியாது. 1921ஆம் ஆண்டில்தான் சட்டத்தால் இந்தத் துண்டு முறை ஒழிந்தது.

துண்டு போனாலும் அந்தப் பேனா உடனே கைமாறிவிடவில்லை. தோட்டத்தில் ஒரு நாள் உழைப்புக்கே "பேர்" என்றுதான் பெயர். கொழுந்து குறைந்தால் அரைப்பேர். ஒரு பெண்ணின் பேரைப் பாதியாக்க இன்னொருவரின் பென்சில் போதும்.

பிரஜாவுரிமை விஷயத்தை நினைத்தால் இன்னும் மனம் கனக்கிறது. 1948இல் வந்த சட்டத்தால் நாடற்றவர்களானவர்கள், 1949ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டத்தின் கீழ் விண்ணப்பித்தார்கள். எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் போயின. எத்தனை வருடம் தொடர்ந்து இங்கே வசித்தார்கள், வருமானம் என்ன, மனைவி மக்கள் எங்கே என்றெல்லாம் நிரூபிக்க வேண்டும். கைநாட்டு வைக்கிறவர் இதையெல்லாம் எப்படி நிரப்புவார்? பிறர் எழுதினார்கள், இவர்கள் பெருவிரலை அழுத்தினார்கள். 1964 வரையில் சுமார் 1,34,000 பேருக்கே பிரஜாவுரிமை கிடைத்தது. எழுத்துப் பிழையால்தான் மற்றவர்கள் விடுபட்டார்கள் என்று நான் சொல்லவில்லை, சட்டமே கடுமையானது. ஆனால் தன் வாழ்க்கையைப் பற்றிய காகிதத்தில் என்ன இருக்கிறதென்று தெரியாமல் விசாரணைக்குப் போய் நிற்பது எத்தகைய கொடுமை!

நம் பாட்டிமார் இந்த விஷயத்தில் கெட்டிக்காரிகள். தமிழ் எழுத்துத் தெரியாதவர்கள்கூட, குர்ஆன் ஓதக் கற்ற அந்த எழுத்திலேயே தமிழை எழுதினார்கள். காயல்பட்டினம், கீழக்கரை தொடங்கி இலங்கைக் கரையோரம் வரை, கடல் கடந்து வியாபாரத்துக்குப் போன கணவருக்கு அரபுத் தமிழில் கடிதம் போகும். வீட்டுச் சங்கதியை மூன்றாம் மனிதரிடம் சொல்லி எழுதுவிக்க வேண்டிய வெட்கம் அவர்களுக்கு இல்லை. பின்னர் சித்திலெப்பை அவர்கள் கண்டியில் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் திறந்ததும் நம் பாட்டிமாருக்காகத்தான்.

ஆகவே படிவத்தைத் தாராளமாகப் பிறரிடம் கொடுங்கள். சொல்ல வேண்டியதை நீங்கள் சொல்லுங்கள். எழுதி முடித்ததும் எழுதியவரிடமே வாசிக்கச் சொல்லாமல், வேறொருவரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். வெளிநாட்டு வீட்டு வேலைக்குப் போகும் சகோதரி என்றால் இது இரட்டிப்பு அவசியம். ஒப்பந்தம் அறபியில் இருக்கும், சம்பளமும் வேலையும் அதற்குள்ளே இருக்கும். அதை விளக்கிச் சொல்கிற ஏஜென்சிக்காரரே உங்களை அனுப்பிக் காசு பெறுகிறவர்.

மகனுக்கு எழுதும் நாலு வரியை மட்டும் யாரிடமும் கொடுக்காதீர்கள், இயந்திரத்திடமும் கொடுக்காதீர்கள். அது பிழையில்லாமல் எழுதும், உண்மைதான். ஆனால் "சாப்பிட்டியா வாப்பா" என்று நீங்கள் கேட்கிற மாதிரி கேட்காது. பிள்ளைக்கு உம்மாவின் எழுத்துப் பிழையும் தெரியும்.

இன்னொரு விஷயம், சற்றுக் கசப்பானது. ஹட்டனிலும் தலவாக்கலையிலும் நாவலப்பிட்டியிலும் உங்களில் பலருடைய வீடு கடையோடு ஒட்டியது. லயத்திலிருந்து வருகிறவர்கள் சம்பள நாள் வரை கடனுக்குச் சாமான் வாங்குகிறார்கள். அந்தக் கடன் கொப்பியில் எழுதுவது யார்? நாம்தான். அங்கே பேனா நம் கையில் இருக்கிறது, வாய் திறக்க வேண்டியவர் கவுண்டருக்கு அப்பால் நிற்கிறார். இன்று மாலையே உங்கள் வீட்டாரிடம் சொல்லிப் பாருங்கள்: ஒவ்வொரு சாமானையும் அந்தப் பெண்ணே சொல்லட்டும், எழுதிய தொகையை அவர் காதுபட வாசியுங்கள், அதே கணக்கை ஒரு சின்னக் கொப்பியிலும் எழுதி அவரிடமே கொடுத்தனுப்புங்கள். அவர் வீட்டில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை ஒன்று இருக்கும். அது இரவில் கூட்டிப் பார்த்துக்கொள்ளும்.