நிதாரியின் குழந்தைகளைக் கொன்றது யார்?

2025 நவம்பர் 12. உத்தரப் பிரதேசத்தில் நொய்டாவுக்குப் பக்கத்தில் உள்ள லுக்சர் சிறையிலிருந்து ஒருவர் வெளியே வந்தார். கிட்டத்தட்ட 19 ஆண்டுகள் உள்ளே இருந்தவர். இந்த நாடு அவரை மனிதக்கறி தின்னும் பேய் என்று அழைத்தது. குழந்தைகளைக் கொன்றதாக 13 வழக்குகளில் தண்டிக்கப்பட்டவர். 2014 செப்டம்பரில் தூக்கிலிடுவதற்காக மீரட் சிறைக்குக் கொண்டுபோகப்பட்டவர். நள்ளிரவு தாண்டி உச்ச நீதிமன்றம் தடை கொடுத்திராவிட்டால் அந்த வாரமே கதை முடிந்திருக்கும்.

அவர் ஒரு வீட்டு வேலையாள்.

நிதாரி வழக்கு வெடித்த 2006 டிசம்பரில் இன்றைய இளைய தோழர்கள் பலர் பள்ளிக்கூடத்தில் இருந்திருப்பீர்கள். நொய்டாவின் பணக்கார வீடுகளுக்கு நடுவே இருக்கும் நகர்ப்புறக் கிராமம் நிதாரி. வங்காளத்திலிருந்தும் பிற இடங்களிலிருந்தும் பிழைக்க வந்த கூலிக் குடும்பங்கள் அங்கே வாழ்ந்தன. அந்த வீடுகளின் குழந்தைகள் ஒவ்வொருவராகக் காணாமல் போனார்கள். பெற்றோர் காவல் நிலையத்துக்கு நடையாய் நடந்தார்கள். புகார் வாங்கவே ஆளில்லை. ஏழை வீட்டுப் பிள்ளை எங்காவது ஓடிப்போயிருக்கும் என்று திருப்பி அனுப்பினார்கள். கடைசியில் டி-5 என்ற எண்ணுள்ள பங்களாவுக்குப் பின்னால் இருந்த சாக்கடையில் எலும்புகளும் மண்டையோடுகளும் கிடைத்தபோதுதான் அரசு விழித்தது.

விழித்ததும் அதற்கு உடனே ஒரு குற்றவாளி தேவைப்பட்டது. வீட்டு முதலாளியும் வேலையாளும் கைதானார்கள். வேலையாள் 60 நாட்கள் காவலில் இருந்தார். அதன் பிறகு ஒரு வாக்குமூலம் பதிவானது. முறையான மருத்துவப் பரிசோதனையும் இல்லை, சட்ட உதவியும் இல்லை. தன்னைத் துன்புறுத்தினார்கள், சொல்லிக் கொடுத்தார்கள் என்ற குறிப்பு அந்த வாக்குமூலத்துக்குள்ளேயே இருந்தது. 2009-ல் விசாரணை நீதிமன்றம் தூக்கு என்றது. உயர்நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 2011-ல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. மூன்று படிகளிலும் யாருக்கும் அந்த 60 நாட்கள் உறுத்தவில்லை.

2023 அக்டோபரில் அலகாபாத் உயர்நீதிமன்றம் மற்ற 12 வழக்குகளை எடுத்து வைத்துப் பார்த்தபோது எல்லாம் சரிந்தது. வாக்குமூலம் நம்பத்தக்கதல்ல, பொருட்கள் மீட்கப்பட்ட விதம் சட்டப்படி நிரூபிக்கப்படவில்லை, உறுப்பு வணிகம் நடந்திருக்கலாம் என்ற கோணத்தை விசாரிக்கச் சொல்லி அரசுக் குழுவே பரிந்துரைத்தும் யாரும் விசாரிக்கவில்லை என்று அது சொன்னது. வேலையாளும் முதலாளியும் விடுவிக்கப்பட்டார்கள். ஆனால் முதல் வழக்கில் உச்ச நீதிமன்றமே உறுதி செய்த தண்டனை அப்படியே நின்றது. தூக்கு மட்டும் 2015-லேயே ஆயுளாகக் குறைக்கப்பட்டிருந்தது, அதுவும் கருணை மனுவில் ஏற்பட்ட தாமதத்துக்காக. அதனால் முதலாளி 2023-லேயே வீட்டுக்குப் போனார். வேலையாள் இன்னும் இரண்டு ஆண்டுகள் உள்ளே இருந்தார். ஒரே சாட்சியத்தை வைத்து 12 வழக்கில் நிரபராதி, ஒரு வழக்கில் குற்றவாளி. இந்த அபத்தத்தைத் தன் சீராய்வு மறுபரிசீலனை எல்லாம் முடிந்த பிறகு, கடைசிக் கதவான குறைதீர் மனுவில்தான் உச்ச நீதிமன்றம் திருத்தியது.

முதலாளிதான் செய்தார் என்று சொல்ல வரவில்லை. அவரும் சட்டப்படி விடுவிக்கப்பட்டவர். உண்மைக் குற்றவாளி யார் என்பது இவ்வளவு நீண்ட விசாரணைக்குப் பிறகும் நிறுவப்படவில்லை என்று அந்தத் தீர்ப்பிலேயே நீதிபதிகள் வருத்தம் தெரிவித்திருக்கிறார்கள். அந்தக் கூலிக் குடும்பங்களுக்கு 19 ஆண்டுகள் கழித்து மிச்சம் அது ஒன்றுதான்.

குழந்தைகள் மீதான குற்றத்தில் தண்டிக்கப்பட்டவர் மேல்முறையீடு செய்தார் என்ற செய்தியைப் பார்த்தாலே நமக்குக் கோபம் வருகிறது. இவனுக்கு எதற்கு அப்பீல், இவனுக்கு எதற்கு வக்கீல், சோறு போட்டு வளர்க்க நம் வரிப்பணமா? இந்தக் கேள்விகளைச் சங்கிகள் மட்டும் கேட்கவில்லை. நம் ஆட்களின் பக்கங்களிலும் படிக்கிறேன். நானும் விதிவிலக்கல்ல. சென்னைப் போரூர் அருகே ஏழு வயதுக் குழந்தை கொல்லப்பட்ட வழக்கில் 2018 பிப்ரவரியில் செங்கல்பட்டு நீதிமன்றம் தூக்கு விதித்தபோது மகிழ்ந்தவர்களில் நானும் ஒருவன். 2025 அக்டோபர் 8 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தண்டனையை ரத்து செய்து அவரை விடுவித்தது. குற்றச்சாட்டு பதிவானபோது அவருக்கு வழக்கறிஞரே இல்லை என்பதும், பிறகு வந்த சட்ட உதவி வழக்கறிஞருக்குத் தயாராகச் சில நாட்களே கிடைத்தன என்பதும், முக்கிய ஆதாரமாகச் சொல்லப்பட்ட சிசிடிவி காட்சி நீதிமன்றத்தில் முறைப்படி நிரூபிக்கப்படவில்லை என்பதும் அன்றுதான் எனக்குத் தெரிந்தது. 2018-லும் அவை உண்மையாகத்தான் இருந்தன. நாம் கேட்கவில்லை.

மத்தியப் பிரதேசத்தின் கண்ட்வா வழக்கு இதைவிடக் கொடியது. 2013 ஜனவரி 30 அன்று ஒன்பது வயதுச் சிறுமி காணாமல் போனாள், பின்பு சடலமாகக் கிடைத்தாள். கைதானவர் கொர்க்கு பழங்குடி இளைஞர். பிப்ரவரி 19 அன்று சட்ட உதவி வழக்கறிஞர் நியமிக்கப்பட்டார், அதே நாளில் குற்றச்சாட்டும் பதிவானது. மார்ச் 4 அன்று தூக்கு. மொத்தம் 13 நாள். விரைவு நீதி என்று நாம் கேட்பது இப்படித்தான் இருக்கும். 2019 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த விசாரணையையே செல்லாது என்று தள்ளி, மறுவிசாரணைக்கு அனுப்பியது. தூக்கு வரை போகக்கூடிய வழக்கில் குறைந்தது பத்தாண்டு அனுபவமுள்ள வழக்கறிஞரைத்தான் நியமிக்க வேண்டும், தயாராக ஏழு நாளாவது கொடுக்க வேண்டும் என்றும் விதித்தது. ஏழு நாள்! இதைக்கூட ஒரு உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டுச் சொல்ல வேண்டியிருந்தது. மறுவிசாரணையிலும் தூக்கு, மீண்டும் உயர்நீதிமன்றம், மீண்டும் கண்ட்வா என்று சுற்றி 2024 மார்ச்சில் அவர் விடுதலையானார். 11 ஆண்டுகள் போய்விட்டன. நிதாரியைப் போலவே இங்கும் அந்தச் சிறுமியைக் கொன்றவர் யார் என்ற கேள்விக்குப் பதில் இல்லை.

தேசிய சட்டப் பல்கலைக்கழகம் டெல்லி 2016-ல் வெளியிட்ட ஆய்வு, தூக்குத் தண்டனைக் கைதிகளில் 76 விழுக்காட்டினர் பிற்படுத்தப்பட்ட, தலித், பழங்குடிச் சமூகங்களையும் மதச் சிறுபான்மையினரையும் சேர்ந்தவர்கள் என்றது. நான்கில் மூவர் பொருளாதாரத்தில் நலிந்தவர்கள். உயர்நீதிமன்றத்தில் தனக்காக வாதாடிய வழக்கறிஞரை நேரில் பார்த்ததே இல்லை என்று பெரும்பாலானோர் சொல்லியிருக்கிறார்கள். தன் உயிருக்காக ஒருவர் பேசுகிறார், என்ன பேசினார் என்று தெரியாது, முடிவு மட்டும் சிறை அதிகாரி வாய்வழியாக வந்து சேரும். இதுதான் இங்கே ஏழையின் அப்பீல்.

உள்ளே இருக்கும் வாழ்க்கையை நாம் சினிமாவில் பார்த்திருக்கிறோம். குழந்தையைத் தொட்டவனை மற்ற கைதிகள் அடிப்பார்கள், தியேட்டரில் கைதட்டல் விழும். நிஜத்திலும் சிறைக்குள் இருக்கும் படிநிலையில் இந்த வழக்குக்காரர்கள்தான் ஆகக் கீழே. அடி விழுந்தால் வார்டர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அப்பீலில் நிரபராதி என்று தீர்ப்பு வந்தாலும் வாங்கிய அடி வாங்கியதுதான். அதே பல்கலைக்கழகக் குழு 2021-ல் தூக்குத் தண்டனைக் கைதிகளின் மனநிலையை ஆராய்ந்தது. பேசியவர்களில் 62 விழுக்காட்டினருக்கு ஏதாவதொரு மனநோய் இருந்தது.

அந்தப் படிநிலைக்கு அடியில் நமக்குப் பழக்கமான இன்னொரு படிநிலை இருக்கிறது. சிறை விதிப்புத்தகங்களே சமையலை உயர்சாதிக்கும் கூட்டுவதையும் கழுவுவதையும் தாழ்த்தப்பட்டவருக்கும் பிரித்துக் கொடுத்திருந்தன. 2024 அக்டோபர் 3 அன்றுதான் உச்ச நீதிமன்றம் அவற்றை ரத்து செய்தது. ஒரு பெண் பத்திரிகையாளர் ஆராய்ந்து எழுதி, வழக்கும் போட்டதால் நடந்தது அது. பாளையங்கோட்டைச் சிறையில் கைதிகளைச் சாதிவாரியாகப் பிரித்து வைத்ததை, மோதலைத் தவிர்க்க வேண்டும் என்ற காரணத்துக்காக நம் உயர்நீதிமன்றம் ஏற்றுக்கொண்டிருந்தது. அந்த வாதத்தையும் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை.

எல்லாருக்கும் சிறை இப்படியா? பில்கிஸ் பானு வழக்கை நினைத்துப் பாருங்கள். 2002 குஜராத்தில் அவருடைய மூன்று வயது மகளும் கொல்லப்பட்டாள். குழந்தையைக் கொன்ற கும்பல் அது. ஆயுள் தண்டனை பெற்ற 11 பேரில் 10 பேர், தண்டனைக் காலத்திலேயே தலா ஆயிரம் நாட்களுக்கு மேல் பரோலிலும் விடுப்பிலும் வெளியே இருந்திருக்கிறார்கள். ஆயிரம் நாள் என்றால் கிட்டத்தட்ட மூன்று வருடம். 2022 ஆகஸ்ட் 15 அன்று முன்கூட்டியே விடுதலை செய்யப்பட்டபோது மாலையும் இனிப்பும் காத்திருந்தன. அவர்கள் பிராமணர்கள், நல்ல சம்ஸ்காரம் உள்ளவர்கள் என்று கோத்ராவின் பாஜக எம்.எல்.ஏ. சான்றிதழ் கொடுத்தார். 2024 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அந்த விடுதலையை ரத்து செய்து அவர்களை மீண்டும் உள்ளே அனுப்பியது. "குழந்தையைக் கொன்றவனுக்குத் தூக்கு" என்று தெருவில் நின்று கத்திய கட்சிக்காரர்கள் யாரும் அன்று கத்தவில்லை.

2018-ல் பன்னிரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையைப் பாலியல் வன்கொடுமை செய்தால் தூக்கு என்று சட்டம் வந்தது. 2019-ல் போக்சோவிலும் தூக்கு சேர்ந்தது. இவை பெரிய வெற்றிகளாகப் பேசப்பட்டன. ஆனால் இந்த வழக்குகளில் மிகப் பெரும்பாலானவற்றில் குற்றம் செய்பவர் குழந்தைக்குத் தெரிந்தவர்: மாமா, பக்கத்து வீட்டுக்காரர், வாத்தியார். சொன்னால் மாமாவைத் தூக்கில் போட்டுவிடுவார்கள் என்று தெரிந்த குழந்தை எப்படி வாய் திறக்கும்? குடும்பம் திறக்க விடுமா? குழந்தை உரிமைக்காக வேலை செய்பவர்கள் அப்போதே கேட்ட கேள்வி இது.

1949 ஜூன் 3 அன்று அரசியல் நிர்ணய சபையில் தூக்குத் தண்டனை பெற்றவர்கள் உச்ச நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யும் உரிமை பற்றி விவாதம் நடந்தது. அதில் அண்ணல் அம்பேத்கர், அந்த உரிமையைக் கொடுப்பதைவிடத் தூக்குத் தண்டனையையே ஒழித்துவிடுவதை ஆதரிப்பேன் என்று பேசினார். அவர் படத்தைப் பிடித்துக்கொண்டு தூக்குக் கயிறு கேட்டு ஊர்வலம் போகிறோம். இதை எங்கே யாரிடம் போய்ச் சொல்வது.

பாதிக்கப்பட்ட குழந்தை பெரும்பாலும் நம் சேரியில், நம் கூலித் தெருவில் இருக்கிறாள். அவசரமாக இழுத்துவரப்படும் ஆளும் பல நேரம் அங்கிருந்துதான் வருகிறார். நிதாரியில் புகாரை வாங்க மறுத்த காவல்துறைதான், பிறகு 60 நாள் காவலில் வைத்து வாக்குமூலம் வாங்கிய அரசு இயந்திரத்தின் முதல் கை. குழந்தை பக்கம், குற்றம் சாட்டப்பட்டவர் பக்கம் என்று இதைப் பிரித்துப் பார்த்தால் இரண்டு இடத்திலும் தோற்போம்.

அடுத்த முறை ஒரு குழந்தை கொல்லப்பட்ட செய்தி வரும்போது தெருவில் இறங்கத்தான் வேண்டும். இறங்கி, காணவில்லை என்று பெற்றோர் கொடுத்த புகார் எந்தத் தேதியில் பதிவானது என்று கேட்போம். தடயங்கள் யார் முன்னிலையில் எடுக்கப்பட்டன, டிஎன்ஏ அறிக்கை என்ன சொல்கிறது, அறிக்கை தந்த நிபுணர் நீதிமன்றத்தில் குறுக்கு விசாரணைக்கு வந்தாரா என்று கேட்போம். குற்றம் சாட்டப்பட்டவருக்கு வழக்கறிஞர் எந்த நாளில் கிடைத்தார் என்றும் கேட்போம். கண்ட்வாவில் அந்த ஒரு கேள்வியை 2013 பிப்ரவரி 19 அன்று யாராவது கேட்டிருந்தால், அந்தச் சிறுமியின் பெற்றோருக்கு இன்று ஒரு பதிலாவது இருந்திருக்கும்.