நம்ம மலைதானே?

நுவரெலியாவில் சிங்கிள் ட்ரீ மலைக்குப் போன அன்று எங்கள் ஐந்து பேரிடமும் இருந்தது ஒரு தண்ணீர்ப் போத்தல், இரண்டு மாலு பாண், ஐந்து போன். "நம்ம மலைதானே, இதுக்கு என்னத்துக்கு பேக்?" என்று ஒருத்தி கேட்க, எல்லோரும் சிரித்தோம். நாலு மணிக்குப் பனிமூட்டம் இறங்கியது, பின்னாலேயே மழை. படம் எடுத்தே போன் சார்ஜ் முடிந்திருந்தது. இருட்டில் தேயிலைக்குள் வழி தெரியாமல் நின்ற எங்களை, லயத்திலிருந்து டோர்ச்சோடு வந்த ஒரு மாமாதான் ரோட்டுக்குக் கூட்டிவந்தார். "பிள்ளைங்களா, இந்த மலையில நாங்களே வெறுங்கையோட ஏற மாட்டோம்" என்றார்.

உண்மைதானே. கொழுந்தெடுக்கப் போகிற எங்கள் அம்மாமார் கொங்காணியும் படங்கும் இல்லாமல் மலைக்குப் போனதை நாங்கள் பார்த்ததில்லை. மலையைத் தெரிந்தவர்கள் அதற்குத் தயாராகப் போகிறார்கள். நாங்கள்தான் 'நம்ம மலை' என்று சொல்லிக்கொண்டு கையை வீசிக்கொண்டு போகிறோம்.

இந்தப் பழக்கத்தில் சிவனொளிபாதமலைக்கும் பங்கு உண்டு. டிசம்பர் முதல் மே வரை சீசனில் படி நெடுக லைட், தேத்தண்ணிக் கடை, சனக்கூட்டம். வெறுங்கையோடு போய்வரலாம். சீசன் முடிந்தால் அதே 2,243 மீற்றர் மலையில் லைட்டும் இல்லை, கடையும் இல்லை. எல்லா மலையையும் நாங்கள் சீசன் மலையாகவே நினைத்துவிட்டோம்.

பெரிய பயணத்துக்கு எல்லோரும் பேக் பண்ணுவார்கள். மாட்டிக்கொள்வது 'ரெண்டு மணித்தியாலத்துல வந்திரலாம்' என்று போகும்போதுதான். ஆயிரம் மீற்றர் ஏறினால் வெப்பநிலை சுமார் 6 பாகை குறையும். நுவரெலியாவே 1,868 மீற்றரில் இருக்கிறது. நனைந்த சட்டையும் காற்றும் சேர்ந்தால் உடம்பு சீக்கிரமே நடுங்கத் தொடங்கும். நம் நாட்டில் சூரியன் மறைந்து அரை மணித்தியாலத்துக்குள் இருட்டிவிடும்.

அதனால் இப்போது எங்கள் பையில் இருப்பவை: டோர்ச், ரெயின்கோட், பொலித்தீன் பையில் சுற்றிய ஒரு ஸ்வெட்டர், ஆளுக்கொரு தண்ணீர்ப் போத்தல், பிஸ்கட், பிளாஸ்டரும் பண்டேஜும், அட்டைக்கு உப்பு, சார்ஜ் பண்ணிய பவர் பேங்க், ஒரு விசில். கத்தினால் தொண்டை கட்டிவிடும். மூன்று மூன்று முறையாக விசில் ஊதினால் பனிமூட்டத்திலும் கேட்கும். முக்கால்வாசிப் பொருள் வீட்டிலேயே இருக்கிறது. சிக்னல் இருந்தால் அம்புலன்சுக்கு 1990, பொலிசுக்கு 119.

பையில் வைக்க முடியாத ஒன்றும் இருக்கிறது. 2018 மார்ச் 11இல், தமிழ்நாட்டின் தேனி மாவட்டத்தில், கொழுக்குமலையிலிருந்து குரங்கணி நோக்கி இறங்கியவர்கள் காட்டுத்தீயில் சிக்கினார்கள். 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் பலர் இளைஞர்கள். எந்த டோர்ச்சும் ரெயின்கோட்டும் அந்தத் தீயை நிறுத்தியிருக்காது. எங்கள் பக்கமும் வெயில் காலத்தில் புற்காடுகள் பற்றி எரிகின்றன, மழைக்காலத்தில் மண் சரிகிறது. ஆகவே ஏறும் முன் அந்தத் தோட்டத்து ஆட்களிடம் பாதையைப் பற்றிக் கேட்க வேண்டும். எங்கே போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போக வேண்டும். அவர்கள் 'இன்றைக்கு வேணாம்' என்றால் திரும்பிவிட வேண்டும்.

'ஒரு நாள் ஜாலிக்கு இவ்வளவு பயமா?' என்று கேட்கலாம். பயத்தைவிட எங்களுக்கு வெட்கம்தான் அதிகம். அன்று எங்களைத் தேடி வந்த மாமா பகல் முழுக்க மலையில் வேலை செய்தவர். விடிந்தால் மறுபடி பெரட்டுக்குப் போக வேண்டியவர். நாங்கள் தூக்க மறுத்த ஒரு கிலோ பையின் பாரத்தை அந்த மழையில் அவர்தான் சுமந்தார்.