எந்தப் படத்துலீங்க?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெரியநாயக்கன்பாளையத்திலிருந்து அன்னூர்ப் பக்கம் பெண் பார்க்கக் கிளம்பினோம். மாப்பிள்ளை நானில்லை. எனக்கு அது நடந்து ஆறு வருஷமாச்சு. மாப்பிள்ளை என் சிநேகிதன். ஒரு பம்பு கம்பெனியில் மூன்று வருஷம் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து டெபிட்டும் கிரெடிட்டும் எழுதியவன். நான் வெளியே வந்துவிட்டேன். அவன் இன்னும் அங்கேதான்.

கச்சாயம் வந்தது. முறுக்கு வந்தது. பெண் வந்து காப்பி கொடுத்துவிட்டு ஒரு விநாடி நிமிர்ந்து பார்த்துவிட்டு உள்ளே போனது. எல்லாம் சுமுகமாகப் போய்க்கொண்டிருக்கும்போது பெண்ணின் பெரியப்பா தொண்டையைச் செருமினார்.

"தம்பி ஆபீஸ் போக மத்த நேரத்துல என்னங்க பண்றாப்ல?"

நண்பனின் அப்பா கொஞ்சம் தயங்கி, "கிடார் வாசிப்பானுங்க. சொந்தமாப் பாட்டுக் கட்டிப் பாடுவானுங்க" என்றார்.

"அப்படீங்களா! எந்தப் படத்துலீங்க?"

"படத்துல எல்லாம் இல்லீங்க."

"அப்புறம்?"

இந்த 'அப்புறம்?' இருக்கிறதே, அதற்கு அந்தக் கூடத்தில் யாரிடமும் பதில் இல்லை. சுவர்க் கடிகாரம் மட்டும் பேசிக்கொண்டிருந்தது. நண்பனைக் காப்பாற்ற நான் நடுவில் புகுந்தேன். "அத்தனையும் சொந்தப் பாட்டுங்க. சொந்த அனுபவமுங்க. ஒரு வார்த்தை கற்பனை கிடையாதுங்க" என்று அடித்துச் சொன்னேன். இந்த வாக்கியத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

பெரியப்பாவைக் குற்றம் சொல்ல மாட்டேன். நமக்குப் பாட்டு என்றால் சினிமாப் பாட்டு. காதலித்தால், தோற்றால், ஊரை விட்டுப் போனால், எல்லாவற்றுக்கும் ஏற்கெனவே ஒரு ஹீரோ வாயசைத்து வைத்திருக்கிறார். நாம் எடுத்துப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான், ரெடிமேட் சட்டை மாதிரி. இலங்கையிலிருந்து ஏ.ஈ.மனோகரன் 'சுராங்கனி'யோடு வந்து இங்கே அத்தனை பேரையும் ஆட வைத்தார். அதையும் பின்னால் தமிழ் சினிமா எடுத்துக்கொண்டது. அவ்வளவு ஏன், நம்ம கோயமுத்தூர்ப் பையன் ஹிப்ஹாப் தமிழா ஆதி. 2011-இல் 'கிளப்புல மப்புல' யூடியூபில் பரவியபோது காலேஜ் பசங்களுக்குத்தான் அவரைத் தெரியும். அப்பாமார்களுக்கு அவர் பெயர் எட்டியது 2015-இல் 'ஆம்பள' படத்துக்கு இசையமைத்த பிறகுதான்.

திரும்பி வரும்போது காரில் நண்பன் வாயே திறக்கவில்லை. செல்போனில் ஒரு பாட்டைப் போட்டான். ஒரு கிடார். ஒரு குரல். தாரை தப்பட்டை ஒன்றும் கிடையாது. பக்கத்தில் உட்கார்ந்து காதோடு பேசுகிற மாதிரி ஒரு ஆள் இங்கிலீஷில் பாடிக்கொண்டிருந்தார்.

"யார்றா இது?"

"பிரதீக் குஹாட்."

"எந்தப் படம்?" என்று கேட்க வாயெடுத்து, நல்ல வேளை, நிறுத்திக்கொண்டேன்.

அப்புறம் நண்பன் சொன்னதும், நான் வீட்டுக்கு வந்து தேடிப் படித்ததும் சேர்த்துச் சொல்கிறேன். ஜெய்ப்பூர்க்காரர். 1990-இல் பிறந்தவர். நியூயார்க் பல்கலைக்கழகத்தில் படித்தது கணிதமும் பொருளாதாரமும். (பி.காம். படித்த நமக்கு இதில் ஒரு சந்தோஷம். கணக்குப் படித்தவனுக்கும் பாட்டு வரும்.) அமெரிக்காவில் அந்தப் படிப்புக்கு என்ன சம்பளம் கிடைக்கும் என்று எந்தப் பெரியப்பாவும் விரல்விட்டுச் சொல்லிவிடுவார். இவரோ ஊர் திரும்பிக் கிடாரைத் தூக்கிக்கொண்டார். 2013-இல் 'ராத் ராஸி' என்று இந்தியில் ஒரு சின்னத் தொகுப்பு. 2015-இல் 'இன் டோக்கன்ஸ் அண்ட் சார்ம்ஸ்', முழு இங்கிலீஷ் ஆல்பம். நடுநடுவே ஊர் ஊராகக் கச்சேரி. 2016-இல் 'பார் பார் தேகோ' இந்திப் படத்தில் ஒரு பாட்டு. அதாவது பெரியப்பாவுக்குச் சொல்ல ஒரு பதில் கிடைத்துவிட்டது. அதோடு சினிமாவிலேயே குடியேறியிருக்கலாம். அவர் குடியேறவில்லை.

2018-இல் 'கோல்ட் மெஸ்' என்று ஆறே பாட்டுள்ள ஒரு தொகுப்பு வெளியிட்டார். விட்டுப் பிரியவும் முடியாமல் சேர்ந்திருக்கவும் முடியாமல் தவிக்கிற ஒரு காதல்தான் அந்தத் தலைப்புப் பாட்டின் விஷயம். அடுத்த வருஷக் கடைசியில் ஒபாமா, ஆமாம் அதே ஒபாமாதான், 2019-இல் தனக்குப் பிடித்த பாட்டுகள் என்று ஒரு பட்டியல் போட்டார். பியான்ஸே, புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் இவர்களோடு நம்ம ஜெய்ப்பூர்க்காரரின் அந்தப் பாட்டும் இருந்தது! இது அவர் கைக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தது என்று பாடினவருக்கே தெரியவில்லையாம். 2020-இல் எலெக்ட்ரா அவரை ஒப்பந்தம் செய்தது. ஒரு காலத்தில் 'டோர்ஸ்' குழுவை வெளியிட்ட அமெரிக்கக் கம்பெனி அது. 2022-இல் 'தி வே தட் லவ்வர்ஸ் டூ' ஆல்பம் அவர்கள் மூலமாக வந்தது.

எனக்கு இதில் பிடித்தது ஒபாமா இல்லை. ஊரடங்கு வருஷமான 2020-இல் வந்த 'கசூர்' பாட்டின் வீடியோ. அவரவர் வீட்டில் கேமரா முன் உட்கார்ந்திருக்கிறார்கள். திரையில் கேள்விகள் வருகின்றன. முதல் காதல் ஞாபகம் வருகிறதா என்கிற ரகம். பதில் முகத்தில் மட்டும். டான்ஸ் இல்லை, சுவிட்சர்லாந்து இல்லை. ஆனால் பார்த்துக்கொண்டிருக்கும்போது நம் முகமும் ஏதோ பதில் சொல்லிவிடுகிறது. பக்கத்தில் மனைவி இருந்தால் ஜாக்கிரதை.

சரி, நண்பன் கதைக்கு வருவோம். அவனுடைய இரண்டாவது பாட்டு இந்த மாதம் வெளியாகிறது. பதிவு செய்தது அவன் படுக்கையறையில். சுவரோரம் மெத்தையை நிமிர்த்தி வைத்து, சத்தம் வரும் என்று ஃபேனை நிறுத்திவிட்டு, பனியனோடு வியர்க்க விறுவிறுக்கப் பாடினான். முதல் டேக்கில் மேட்டுப்பாளையம் ரோட்டு லாரியின் ஏர் ஹாரன். இரண்டாவதில் மேட்டுப்பாளையம் ரயில். மூன்றாவது பிரமாதம். ஆனால் கடைசிச் சரணத்தில் பக்கத்து வீட்டு அக்கா கிரைண்டரைப் போட்டுவிட்டார். கோயமுத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு வாங்கியாச்சு. அதை யார் நிறுத்தச் சொல்வது? ராத்திரி ஒரு மணிக்குப் பாடி முடித்தான்.

இந்த நேரத்தில் சென்னையிலிருந்து ஒரு இசைக் கம்பெனி பேசியது. பாட்டைக் கொடுங்கள், இருபதாயிரம் தருகிறோம். நண்பன் துள்ளிக் குதித்தான். அவன் அனுப்பிய ஒப்பந்தத்தை நான் உட்கார்ந்து படித்தேன். பாட்டின் சகல உரிமைகளும், நிரந்தரமாக, பிரபஞ்சம் முழுவதும் கம்பெனிக்கே சொந்தமாம். பிரபஞ்சம்! செவ்வாய்க் கிரகத்தில் யாராவது முணுமுணுத்தால்கூட அந்தக் காசு சென்னைக்குப் போய்விடும்.

ஆபீஸ் போகிற, பாட்டுக் கட்டுகிற தம்பிகளுக்காக இதை மட்டும் சொல்லிவிடுகிறேன். ஒரு பாட்டில் இரண்டு சொத்து இருக்கிறது. எழுதி மெட்டுப் போட்டது ஒன்று, பதிவு செய்தது இன்னொன்று. 2012-இல் காப்புரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது, பாட்டு எழுதியவரும் மெட்டமைத்தவரும் ராயல்டியில் தங்கள் சரிபாதியை எழுதிக் கொடுத்துவிட முடியாது என்று போட்டுவிட்டார்கள். கையெழுத்துப் போட்டிருந்தாலும் அந்தப் பங்கு போகாது. அதை வசூலித்துத் தர ஐ.பி.ஆர்.எஸ். என்கிற அமைப்பு 1969-இலிருந்து இருக்கிறது, உறுப்பினராக வேண்டும். ஒப்பந்தத்தில் எத்தனை காலம் என்று எழுதாவிட்டால் ஐந்து வருஷம் என்றுதான் அர்த்தம். அதனால்தான் மறக்காமல் 'நிரந்தரமாக' என்று எழுதுகிறார்கள்!

பெரிய ஆட்களுக்கே இதில் சிக்கல் உண்டு. 2021-இல் 'என்ஜாய் எஞ்சாமி' உலகமெல்லாம் ஓடியது. 2024-இல் சந்தோஷ் நாராயணன், அந்தப் பாட்டால் ஒரு பைசாகூடத் தங்களுக்கு வரவில்லை என்று வீடியோ போட்டுச் சொன்னார்.

நண்பன் இரண்டு நாள் யோசித்தான். இருபதாயிரம் என்பது அவன் கிடாருக்குக் கட்டுகிற ஈ.எம்.ஐ.யில் பத்து மாசம். மூன்றாம் நாள், வேண்டாம் என்று சொல்லிவிட்டான். அவனே வெளியிடுகிறான். "எத்தனை பேர் கேட்பாங்க மாப்ளே?" என்றான். முதல் பாட்டை நானூறு பேர் கேட்டிருந்தார்கள். அதில் நாற்பது தடவை அவன் அம்மா.

போன புதன்கிழமை ராத்திரி பத்து மணிக்கு வாசலில் பைக் சத்தம். நண்பன் மூச்சிரைக்க நின்றான்.

"அன்னூர்ல இருந்து போன் வந்துச்சுடா. ஜாதகம் பொருந்துதாம்."

"அட்றா சக்கை!"

"இருடா. அந்தப் புள்ள என் முதல் பாட்டைத் தேடிக் கேட்டிருக்கு. பிடிச்சிருக்காம். ஆனா தினமும் துடியலூர் ஸ்டாப்புல பஸ் ஏர்ற பொண்ணுன்னு அதுல வருதுல்ல, அது யாருன்னு கேட்டுச் சொல்லச் சொல்லுதாம். என்னடா சொல்றது?"

"இதுக்கென்ன, சும்மா கற்பனைன்னு சொல்லிடு."

என்னை ஒரு பார்வை பார்த்தான்.

"கற்பனையே இல்லைன்னு அங்க அடிச்சுச் சொன்னது யார்றா மாப்ளே?"