வெண்டைக்காயும் லேப்டாப்பும்!

மயிலாப்பூர் மாட வீதியில் உங்க அம்மா வெண்டைக்காய் வாங்குறதை என்னிக்காவது கவனிச்சிருக்கீங்களா? ஒவ்வொண்ணா எடுத்து நுனியை ஒடிப்பாங்க. பட்டுன்னு ஒடிஞ்சா தட்டுல... வளைஞ்சா மறுபடி கூடையில! கடைக்காரர் முறைப்பார். அம்மா கண்டுக்கவே மாட்டாங்க. கால் கிலோ காய்க்கே இத்தனை டெஸ்ட்!

அதே வீட்டுப் பிள்ளை 18,000 ரூபாயோடு ரிச்சி ஸ்ட்ரீட் போகிறார். ரீஃபர்பிஷ்டு லேப்டாப். "ஐ.டி. கம்பெனி பீஸ் தம்பி, சூப்பர் கண்டிஷன்" என்கிறார் கடைக்காரர். "ஓகேண்ணா!" ஐந்தே நிமிடத்தில் வியாபாரம் ஓவர். வீட்டுக்கு வந்து சார்ஜரைப் பிடுங்கினால், இருபதாவது நிமிடம் ஸ்கிரீன் இருட்டு. 'ஏன்டா செக் பண்ணலை?' என்று கேட்டால், 'கூச்சமா இருந்துச்சு!'

மக்களே, ரீஃபர்பிஷ்டு வாங்குறது தப்பே இல்லை. கம்பெனிகள் சில வருஷத்துக்கு ஒருமுறை மெஷினை மாற்றும்போது நல்ல பீஸ்களும் வெளியே வரும். ஆனால் பழுது பார்த்து விற்பதும், வெறுமனே துடைத்து விற்பதும் ஒரே பெயரில்தான் வரும். பிரித்துப் பார்ப்பது உங்க வேலை.

திருமயிலையிலோ, அடையாறு பக்கம் கஸ்தூர்பா நகரிலோ பறக்கும் ரயில் ஏறினால் சிந்தாதிரிப்பேட்டை. அங்கிருந்து பொடிநடை. பென் டிரைவ், இயர்போன், கூடவே ஒரு ஃப்ரெண்ட். தி.நகர் பக்கம் கடை பார்த்தாலும் இதே டெஸ்ட்தான்.

முதலில் மூடிய லேப்டாப்பைச் சமமான மேஜையில் வையுங்கள். ஆடுதா? டச்பேட் புடைத்திருக்கா? பேட்டரி வீங்கியிருக்கலாம். எவ்வளவு விலை குறைத்தாலும் வேண்டாம். திறந்து மூடிப் பாருங்கள். கீல் கறகறன்னா அதுவும் வேண்டாம்.

அடுத்து பயாஸ் உள்ளே போங்கள். பாஸ்வேர்டு கேட்கக் கூடாது. அங்கே காட்டும் சீரியல் நம்பரும் அடியில் ஒட்டிய நம்பரும் ஒன்றாக இருக்கணும்.

இதுதான் ரொம்ப முக்கியம். ரீசெட் செய்து, வைஃபையில் இணைத்து, முதல் செட்டப்பை உங்க கண் முன்னால் செய்யச் சொல்லுங்கள். ஏதோ கம்பெனி பெயரைக் காட்டி ஆபீஸ் மெயில் ஐ.டி. கேட்டால், அந்த மெஷின் இன்னும் அவங்க கணக்கில் இருக்கிறது. மேக்புக் என்றால் 'ஆக்டிவேஷன் லாக்'. இப்போதைக்கு வேலை செய்தாலும், அடுத்த ரீசெட்டில் கதவு சாத்திக்கும்!

பேட்டரிக்கு வருவோம். கமாண்ட் பிராம்ப்ட்டில் பவர்சிஎஃப்ஜி, ஒரு இடைவெளி, ஸ்லாஷ், பேட்டரிரிப்போர்ட் என்று அடியுங்கள். ஒரு ரிப்போர்ட் வரும். அதில் 'டிசைன் கெபாசிட்டி' 50,000, 'ஃபுல் சார்ஜ் கெபாசிட்டி' 25,000 என்றிருந்தால் பாதி உயிர் போயாச்சு. புது பேட்டரி விலையைக் கழித்துக்கொண்டு பேரம் பேசுங்கள்.

பென் டிரைவில் கொண்டுபோன கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச சாஃப்ட்வேர், டிஸ்க்கின் ஆரோக்கியத்தையும் அது எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்பதையும் சொல்லிடும். ஸ்கிரீன் முழுக்க வெள்ளை, கறுப்பு, சிவப்பு என்று மாற்றிப் பார்த்தால் செத்த புள்ளிகள் தெரியும். எல்லா கீயும், எல்லா போர்ட்டும், கேமரா, மைக் விடாதீங்க. அரை மணி நேரம் வீடியோ ஓடட்டும். சூடு எப்படி, ஃபேன் அலறுதா?

பிராசஸர் நம்பரையும் படிங்க. ஐ5 7200யூ என்றால் ஏழாவது தலைமுறை, 8250யூ என்றால் எட்டாவது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான சப்போர்ட் 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு இன்டெல் என்றால் பொதுவாக எட்டாவது தலைமுறையாவது வேணும். அதற்குக் கீழே என்றால், எவ்வளவு மலிவு என்றாலும் யோசிங்க.

கடைசியாக பில். 'பில் இல்லாம ஆயிரம் ரூபா கம்மி' என்பார்கள். மயங்காதீங்க. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தராததே முறையற்ற வணிகம். குறையுள்ள பொருளை, பில்லில் சொன்ன கெடுவுக்குள் திரும்ப எடுக்க மறுப்பதும் அப்படியே. கெடு எதுவும் எழுதலைன்னா 30 நாள். வாரன்ட்டி எத்தனை மாசம், பேட்டரி அதில் உண்டா என்பதோடு சீரியல் நம்பரையும் பில்லில் எழுதி வாங்குங்கள். பிரச்னைன்னா, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

சரி, கூச்சம்? கடைக்குள் நுழைந்ததும் சொல்லிடுங்க. "அண்ணா, அரை மணி நேரம் செக் பண்ணிக்கறேன். ஓகேன்னா இன்னிக்கே எடுத்துக்கறேன்." நல்ல கடைக்காரர் ஸ்டூலை இழுத்துப் போடுவார். 'அதெல்லாம் முடியாது' என்று ஒருத்தர் சொன்னால், அந்தக் கடையே முதல் டிஃபெக்ட். அடுத்த கடை நாலடியில்தான் இருக்கு.

பணம் கைமாறும் வரைக்கும்தான் உங்க பேச்சு எடுபடும். அது அப்பாவோட ஓவர்டைம் காசாகவும் இருக்கலாம், நீங்க டியூஷன் எடுத்துச் சேர்த்ததாகவும் இருக்கலாம்.

அம்மாவை நினைச்சுக்குங்க. நுனியை ஒடிச்சுப் பாருங்க!